பாசிட்டிவ் எர்த் காரில் சாக்கெட் பொருத்துதல்: ஃபியூஸ் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

1965ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில், கைப்பேசிக்கும் வழிகாட்டிக் கருவிக்கும் மின்சாரம் தர ஒரு சாக்கெட்டையும், டயருக்குக் காற்றடிக்கும் பம்பு, பேட்டரி பராமரிப்புச் சார்ஜர் போன்றவற்றுக்காக இன்னொரு சாக்கெட்டையும் பொருத்திய வேலையை இங்கே பதிவு செய்கிறேன். இன்றைய காராக இருந்தால் சிறிது நேரத்தில் முடிந்துவிடும் வேலை இது. ஆனால் இந்தக் காரில் பேட்டரியின் நேர்முனைதான் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கிறது; இதைத்தான் பாசிட்டிவ் எர்த் என்பார்கள். விளக்குகளுக்கும் கருவிகளுக்கும் செல்லும் வயர்கள் எல்லாம் எதிர்முனையிலிருந்து புறப்படுகின்றன. கடைகளில் கிடைக்கும் சாக்கெட், சார்ஜர், யு.எஸ்.பி. கருவி ஆகிய யாவும் இதற்கு நேர்மாறான, எதிர்முனை பாடியோடு சேர்ந்த நெகட்டிவ் எர்த் ஏற்பாட்டுக்கென்றே செய்யப்பட்டவை. சிவப்பு வயரையும் கருப்பு வயரையும் இடம் மாற்றிப் போட்டால் போதும் என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு. அது பாதி உண்மை. வயர் கருகும் ஆபத்து மீதிப் பாதியில் இருக்கிறது.

இந்த மின்முறை ஏதோ ஒரு நிறுவனத்தின் விசித்திரம் அன்று. கார்களுக்கு மின்கருவிகள் செய்த பிரிட்டனின் லூகாஸ் நிறுவனம் 1930களின் நடுவில் பாசிட்டிவ் எர்த்துக்கு மாறியது; சிலிக்கான் டயோடுகளைக் கொண்ட ஆல்டர்னேட்டர்களும் டிரான்சிஸ்டர் கருவிகளும் பரவிய 1960களில் கார்கள் ஒவ்வொன்றாக நெகட்டிவ் எர்த்துக்குத் திரும்பின. ஜாகுவார் ஈ-டைப் 1964இல் 4.2 லிட்டர் எஞ்சினையும் ஆல்டர்னேட்டரையும் பெற்றபோதே மாறிவிட்டது; எம்.ஜி.பி. 1967இன் இறுதியில் வந்த இரண்டாம் வடிவத்தில்தான் மாறியது. அமெரிக்காவில் ஃபோர்டு கார்கள் 1955 வரை 6 வோல்ட் பாசிட்டிவ் எர்த்தாக இருந்து, 1956இல் 12 வோல்ட் நெகட்டிவ் எர்த்தாயின. ஸ்பார்க் பிளக் குறைவாகத் தேயும் என்பது பாசிட்டிவ் எர்த்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. ஆனால் பிளக்கின் நடு மின்முனை எதிர்மின் தன்மையோடு இருப்பது, பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலை இணைக்கும் திசையைப் பொறுத்ததே அன்றி, பேட்டரியின் எந்த முனை பாடியில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று.

காரையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிடலாமே என்ற கேள்வி இயல்பானது. மாற்ற முடியும். பேட்டரிகளைத் திருப்பி வைத்து, டைனமோவின் ஃபீல்டு முனையைப் பேட்டரியின் பாடியோடு சேராத முனையோடு ஒரு கணம் தொட்டு அதன் காந்தத் திசையை மாற்றி, காயிலின் இரு சிறு வயர்களையும் இடம் மாற்றினால் பெரும்பகுதி முடிந்துவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார், விளக்குகள், ஹாரன் ஆகியவற்றுக்கு முனை வேறுபாடு கிடையாது. ஆனால் 1964இன் இறுதியிலிருந்து எம்.ஜி.பி.யில் வந்த, எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் மின்னணு டாக்கோமீட்டருக்கு அந்த வேறுபாடு உண்டு. அதைத் திறந்து உள்ளிணைப்பை மாற்ற வேண்டும். எஸ்.யு. நிறுவனத்தின் எரிபொருள் பம்பில் தீப்பொறி அடக்கும் டயோடு இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். பாசிட்டிவ் எர்த்துக்கென்று செய்த பழைய ரேடியோ இருந்தால் அதன் கதை தனி. ஆல்டர்னேட்டர் பொருத்தப் போகிறவர் காரை மாற்றுவதே முறை. எல்லாம் சரியாக இயங்கும் ஒரு காரில், இரண்டு சாக்கெட்டுகளுக்காக அறுபது ஆண்டுப் பழைய டாக்கோமீட்டரைத் திறப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வேலையைத் தொடங்குமுன் கார் உண்மையிலேயே பாசிட்டிவ் எர்த்தாகத்தான் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்ப்பது கட்டாயம். இந்த வயதுக் கார்களில் பலவற்றை முந்தைய உரிமையாளர்கள் மாற்றியிருக்கிறார்கள்; கையேட்டில் எழுதியிருப்பதும், பானெட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் பழைய எச்சரிக்கைச் சீட்டும் இன்றைய நிலைக்குச் சாட்சியல்ல. மீட்டரின் சிவப்பு முனையைப் பெயிண்ட் சுரண்டிய ஓர் உலோகப் பகுதியிலும், கருப்பு முனையை ஃபியூஸ் பெட்டியில் எப்போதும் மின்சாரமுள்ள பழுப்பு வயர் சேரும் இடத்திலும் வைத்தபோது 12.6 வோல்ட் என்று நேர்க்குறியோடு காட்டியது. பாடிதான் நேர்முனை என்பது உறுதியாயிற்று.

பேட்டரியைக் கழற்றும் வரிசையும் இங்கே தலைகீழானது. "முதலில் மைனஸைக் கழற்று" என்று இன்றைய கார்களுக்குச் சொல்லப்படும் விதியின் உண்மையான பொருள், பாடியோடு சேர்ந்த முனையை முதலில் கழற்று என்பதே. பாசிட்டிவ் எர்த் காரில் அந்தப் பழக்கத்தை அப்படியே பின்பற்றி மைனஸில் ஸ்பேனரை வைத்தால், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்ட கணமே பேட்டரி முழுவதும் ஷார்ட்டாகும். எம்.ஜி.பி.யில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கு அடியில், ஸ்பேனர் திருப்பவே இடம் போதாத தொட்டில்களில் உட்கார்ந்திருப்பதால், இந்த எச்சரிக்கை ஏட்டளவில் நிற்பதன்று. பாடிக்குச் செல்லும் பட்டை எந்த பேட்டரியின் நேர்முனையில் இருக்கிறதோ, அதைத்தான் முதலில் கழற்றினேன். கடைசியாக மாட்டியதும் அதைத்தான்.

இனி சாக்கெட்டின் இயல்பைப் பார்ப்போம். சிகரெட் லைட்டர் வடிவச் சாக்கெட்டில் அடியில் இருக்கும் நடுமுனை நேர்முனையாகவும், சுற்றியுள்ள உலோகக் குழல் எதிர்முனையாகவும் இருக்க வேண்டும் என்பதே எல்லாச் செருகிகளும் எதிர்பார்ப்பது. பழைய பாசிட்டிவ் எர்த் காரில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட லைட்டர் இருந்தால், அதன் குழல் பாடியோடு சேர்ந்து நேர்முனையாகவும், நடுமுனை எதிர்முனையாகவும் இருக்கும். லைட்டர் வெறும் சூடாகும் கம்பிச்சுருள் என்பதால் அதற்கு இது ஒரு பொருட்டன்று. ஆனால் அதே துளையில் இன்றைய சார்ஜரைச் செருகினால் முனைகள் தலைகீழாகிவிடும். தலைகீழ் இணைப்பைத் தாங்கும் பாதுகாப்பு சில சார்ஜர்களில் உண்டு, பலவற்றில் இல்லை. ஆகவே பழைய லைட்டர் துளையைப் பயன்படுத்தும் எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும்.

முனைகளைச் சரியாக்கிப் புதிய சாக்கெட்டை இணைத்தால், அதாவது சாக்கெட்டின் சிவப்பைப் பாடிக்கும் கருப்பை ஃபியூஸ் பெட்டியிலிருந்து வரும் வயருக்கும் கொடுத்தால், கருவி இயங்கும். ஆனால் அப்போது கையால் தொடக்கூடிய, உலோகத்தில் படக்கூடிய குழல் முழுவதும் மின்னோட்டமுள்ள பக்கமாகிவிடுகிறது. யு.எஸ்.பி. சாக்கெட்டிலும் இதே நிலைதான். சாதாரண கார் சார்ஜருக்குள் இருக்கும் மின்னழுத்தம் குறைக்கும் சுற்றில், 12 வோல்ட்டின் எதிர்முனையும் 5 வோல்ட்டின் எதிர்முனையும் ஒரே கம்பி. யு.எஸ்.பி. துளையின் உலோக உறையும் கேபிள் முனையின் உலோக உறையும் அதே கம்பியோடு சேர்ந்தவை. எனவே பாசிட்டிவ் எர்த் காரில் கைப்பேசியிலிருந்து உருவிய கேபிள் முனை, கியர் கம்பியின் மீதோ கதவின் உலோக விளிம்பின் மீதோ விழுந்தால், அது பேட்டரியின் இரு முனைகளையும் நேரடியாக இணைக்கிறது. நெகட்டிவ் எர்த் காரில் அதே கேபிள் அதே இடத்தில் விழுந்தால் ஒன்றும் நடக்காது.

இதிலிருந்துதான் ஃபியூஸைப் பற்றிய கேள்வி எழுகிறது. கடையில் வாங்கும் சாக்கெட்டுகளில் பெரும்பாலும் சிவப்பு வயரின் நடுவே ஒரு ஃபியூஸ் தாங்கியைத் தொழிற்சாலையிலேயே வைத்திருப்பார்கள். அந்த ஃபியூஸ் நம் காரில் என்ன செய்கிறது என்பதைக் காரில் கை வைக்குமுன் மேசையில் சோதித்துப் பார்த்தேன். ஒரு தகரத் தகட்டைக் காரின் பாடியாகக் கொண்டு 12 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை அதோடு இணைத்தேன். சாக்கெட்டின் சிவப்பு வயர், தன் ஃபியூஸோடு, தகட்டுக்குச் சென்றது. கருப்பு வயருக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் நடுவே, இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றை வைத்தேன். இந்தப் பல்பு எவ்வளவு பெரிய ஷார்ட்டாக இருந்தாலும் மின்னோட்டத்தை இரண்டு ஆம்பியருக்குள் அடக்கிவிடும் என்பதால், எதுவும் கருகாமல் ஷார்ட்டைக் கண்ணால் பார்க்க முடியும். யு.எஸ்.பி. உறையை ஒரு துண்டு வயரால் தகட்டில் தொட்டதும் பல்பு முழு ஒளியோடு எரிந்தது. சிவப்பு வயரின் ஃபியூஸைப் பிடுங்கி எடுத்துவிட்டுத் தொட்டேன். அப்போதும் பல்பு அதே ஒளியோடு எரிந்தது.

காரணம் எளிது. ஷார்ட்டாகும்போது மின்னோட்டம் பேட்டரியின் நேர்முனையிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து உலோக உறைக்கும், உறையிலிருந்து கருப்பு வயருக்கும் சென்று எதிர்முனையை அடைகிறது. சிவப்பு வயர் அந்தப் பாதையில் இல்லவே இல்லை. அதாவது தொழிற்சாலை கொடுத்த ஃபியூஸ் இந்தக் காரில் மிக எளிதாக நேரக்கூடிய விபத்துக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. ஃபியூஸ் எப்போதும் பாடியோடு சேராத பக்கத்தில், மின்சாரம் எடுக்கும் இடத்துக்கு இயன்றவரை அருகில் இருக்க வேண்டும். பாசிட்டிவ் எர்த் காரில் அந்தப் பக்கம் எதிர்முனை. சாக்கெட்டோடு வந்த ஃபியூஸ் தாங்கியை வெட்டி எடுத்துக் கருப்பு வயரின் பக்கத்துக்கு மாற்றினேன். காரில் ஏற்கெனவே உள்ள ஃபியூஸே போதும் என்று சிலர் எண்ணக்கூடும். இந்த எம்.ஜி.பி.யின் பெட்டியில் இருப்பவை லூகாஸின் 35 ஆம்பியர் ஃபியூஸ்கள். அந்த 35 என்பது உருகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு 17 ஆம்பியர். கைப்பேசிக் கேபிளில் உள்ள மெல்லிய கம்பி அதற்குள் இன்சுலேஷனை உருக்கிவிடும்.

ஃபியூஸால் தீராத இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கருவி இரண்டு இடங்களில் காரோடு இணைவதுதான் அது. காரின் பழைய பாசிட்டிவ் எர்த் ரேடியோவில் கைப்பேசியின் பாட்டைக் கேட்க ஒலியுள்ளீட்டு வசதி செய்திருப்பதாகக் கொள்வோம். ஒலிக் கேபிளின் வெளிப்பின்னல் ரேடியோவின் பெட்டியோடு, அதாவது நேர்முனையோடு சேர்ந்திருக்கிறது. அதே கைப்பேசியைச் சார்ஜரில் செருகினால் யு.எஸ்.பி.யின் உறை எதிர்முனையோடு சேர்கிறது. கைப்பேசிக்குள் இவ்விரண்டும் ஒரே பொதுக் கம்பி. முழு 12 வோல்ட்டும் கைப்பேசியின் உள்ளே ஒரு மெல்லிய செப்புக் கோட்டின் வழியாக ஷார்ட்டாகிறது. வெளி ஏரியல் கொண்ட எந்தக் கருவிக்கும் இது பொருந்தும். ஏரியலின் அடிப்பகுதி பாடியில் திருகப்பட்டிருந்தால் கேபிளின் பின்னல் வழியாகக் கருவியின் எதிர்முனை பாடிக்கு வந்துவிடுகிறது.

இதற்குச் சரியான விடை, உள்ளீடும் வெளியீடும் ஒன்றோடொன்று கம்பித் தொடர்பின்றிச் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் வழியாக மட்டும் ஆற்றலைக் கடத்தும் ஐசோலேட்டட் கன்வெர்ட்டர். 12 வோல்ட்டைப் பெற்று 12 வோல்ட்டையே தரும் கன்வெர்ட்டர் என்பது கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் வெளியீட்டின் இரு முனைகளும் காரின் எந்த முனைக்கும் கட்டுப்படாதவை என்பதால், அவற்றில் எதை வேண்டுமானாலும் பாடியில் சேர்க்கலாம். நான் தேர்ந்தெடுத்தது 9 முதல் 36 வோல்ட் வரை உள்ளீட்டைத் தாங்கி, 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், அதாவது 30 வாட் தரும் வகை. பழைய டைனமோவும் அதன் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும், அதிரும் தொடுமுனைகளைக் கொண்ட ரெகுலேட்டரும் உள்ள காரில் மின்னழுத்தம் அவ்வப்போது துள்ளும் என்பதால், உள்ளீட்டின் மேல் எல்லை தாராளமாக இருப்பது நல்லது. கூடுதல் காப்பாக உள்ளீட்டின் குறுக்கே, திடீர் மின்னழுத்தத் துள்ளலை அடக்கும் இருதிசை டி.வி.எஸ். டயோடு ஒன்றையும் வைத்தேன். இருதிசை வகைக்கு முனை வேறுபாடு இல்லாததால் இந்தக் காரில் குழப்பமும் இல்லை.

வாங்கும்போது ஒரு கவனம் தேவை. ஐசோலேட்டட் என்ற பெயரில் விற்கப்படும் சில கருவிகள் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைக்கப்பட்ட சாதாரணச் சுற்றுகளே. முதலில் வந்த ஒன்று அப்படித்தான் இருந்தது. மல்டிமீட்டரின் ஒலிச் சோதனையில் உள்ளீட்டின் எதிர்முனைக்கும் வெளியீட்டின் எதிர்முனைக்கும் நடுவே வைத்தவுடன் மீட்டர் பீப் என்றது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சரியான கருவியில் உள்ளீட்டு முனைகள் இரண்டில் ஒவ்வொன்றுக்கும் வெளியீட்டு முனைகள் இரண்டில் ஒவ்வொன்றுக்கும் நடுவே, சோதனை முனைகளை மாற்றி வைத்தாலும், இணைப்பே காட்டக்கூடாது. உலோகப் பெட்டியாக இருந்தால் பெட்டிக்கும் நான்கு முனைகளுக்கும் நடுவிலும் அதே சோதனையைச் செய்ய வேண்டும். பெட்டி உள்ளீட்டு எதிர்முனையோடு சேர்ந்த வகையைப் பாடியில் திருகினால் அங்கேயே ஷார்ட்.

ஆகவே இரண்டு சாக்கெட்டுகளுக்கும் இரண்டு வேறு முறைகள் என்று முடிவு செய்தேன். கைப்பேசி முதலிய மின்னணுக் கருவிகளுக்கான சாக்கெட் கன்வெர்ட்டரின் வழியாக. பம்பு, பராமரிப்புச் சார்ஜர் ஆகியவற்றுக்கான சாக்கெட் நேரடியாக, ஆனால் பாடியோடு தொடர்பின்றி. 10 ஆம்பியர் இழுக்கும் பம்புக்கு ஏற்ற ஐசோலேட்டட் கன்வெர்ட்டர் பெரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருக்கும். அதற்கு அது தேவையும் இல்லை.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு லூகாஸ் வயர்களின் நிறங்களே வழிகாட்டும். பழுப்பு என்பது ஃபியூஸ் இன்றி எப்போதும் மின்சாரமுள்ளது, ஊதா அதுவே ஃபியூஸ் வழியாக, வெள்ளை இக்னிஷன் சாவியைத் திருப்பிய பின் ஃபியூஸ் இன்றி, பச்சை அதுவே ஃபியூஸ் வழியாக, கருப்பு எர்த். கன்வெர்ட்டருக்குப் பச்சையிலிருந்து எடுத்தேன். சாவியை எடுத்தால் அணைந்துவிட வேண்டும் என்பதே நோக்கம். கையருகில் இருக்கிறதே என்று காயிலுக்குச் செல்லும் வெள்ளை வயரில் கை வைக்கக்கூடாது. இந்த டாக்கோமீட்டர் காயிலுக்குப் போகும் வெள்ளை வயரில் ஓடும் மின்துடிப்புகளை எண்ணித்தான் வேகத்தைக் காட்டுகிறது. அதே வயரின் வழியாகக் கன்வெர்ட்டரின் மின்னோட்டமும் சென்றால் முள் பொய் சொல்லத் தொடங்கும். பம்பு சாக்கெட்டுக்குப் பழுப்பிலிருந்து தனி ஃபியூஸோடு எடுத்தேன், ஏனெனில் பராமரிப்புச் சார்ஜர் சாவி இல்லாமலேயே பேட்டரியைச் சென்றடைய வேண்டும்.

அளவுகளைப் பொறுத்தவரை, கன்வெர்ட்டர் முழுச் சுமையில் 30 வாட் தரும்போது இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய 35 வாட், அதாவது 3 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 1 சதுர மி.மீ. வயரும் 5 ஆம்பியர் ஃபியூஸும். பம்பு சாக்கெட்டுக்கு 2 சதுர மி.மீ. வயரும் 15 ஆம்பியர் ஃபியூஸும். சாக்கெட்டின் மீது 20 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தாலும், வெறும் ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கும் இந்த வகைத் தொடுமுனைகளை 10 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து நம்புவதற்கு நான் தயாரில்லை.

டைனமோவின் வசதியையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்தக் காரின் லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். எஞ்சின் மெதுவாக ஓடி எச்சரிக்கை விளக்கு மினுக்கும்போது எதுவும் தராது. இரவில் முகப்பு விளக்குகளின் உயர் ஒளி 10 ஆம்பியர், மற்ற சிறு விளக்குகள் 2 முதல் 3, இக்னிஷன் 3 முதல் 4, மழை பெய்தால் வைப்பர் 2 முதல் 3 என்று கூட்டினால் மிச்சம் மிகக் குறைவு. 3 ஆம்பியர் கன்வெர்ட்டர் அந்த மிச்சத்துக்குள் ஏறக்குறைய அடங்கும். 60 வாட் மடிக்கணினிச் சார்ஜர் அடங்காது. அதைப் பகலில் பயன்படுத்தலாமே என்றும் இடம் கொடுக்க விரும்பாததால்தான் 30 வாட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

எம்.ஜி.பி.யின் டேஷ்போர்டு உலோகத்தாலானது. அதில் புதிதாகத் துளையிடுவது மன்னிக்க முடியாத செயல் என்பது என் கருத்து. 6 மி.மீ. பேக்கலைட் தாளில் இரு சாக்கெட்டுகளுக்கும் வட்டத் துளைகள் வெட்டி, அதை டேஷ்போர்டின் கீழ் விளிம்பில் ஏற்கெனவே இருந்த திருகுகளில் தொங்கவிட்டேன். பேக்கலைட் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் சாக்கெட்டின் குழலும் அதை இறுக்கும் நட்டும் பாடியிலிருந்து தானாகவே விலகி நிற்கின்றன. சாக்கெட்டின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டை முனைகள் டேஷ்போர்டின் உள் விலா எலும்பு போன்ற உலோக மடிப்புக்கு மிக அருகில் வந்ததால், முழுதும் மூடிய ஸ்பேடு கனெக்டர்களைப் போட்டு அவற்றின் மீது சூட்டில் சுருங்கும் உறையையும் ஏற்றினேன். பம்பு சாக்கெட்டுக்கு இறுக்கமான ரப்பர் மூடி உள்ள வகையையே வாங்கினேன். திறந்த குழலுக்குள் நழுவி விழும் சாவி வளையம் பாடியையும் தொட்டால் ஃபியூஸ் போகும்.

நிறங்களில்தான் அடுத்து வருகிறவர் ஏமாறுவார். காரில் கருப்பு என்றால் எர்த், அதாவது நேர்முனை. சாக்கெட்டில் கருப்பு என்றால் எதிர்முனை. கருப்போடு கருப்பைச் சேர்ப்பது எந்த மெக்கானிக்குக்கும் கை தானாகச் செய்யும் காரியம். எனவே காரின் பக்கத்தில் லூகாஸ் நிறங்களையே தொடர்ந்து, தலைகீழாகச் செருக முடியாத இருமுனைக் கனெக்டர் ஒன்றில் நிறம் மாறும்படி வைத்தேன். அதற்கு அப்பால் மட்டும் சிவப்பும் கருப்பும். மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயை வைக்க விரும்புகிறவர்கள் அதற்குள் டயோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டயோடு உள்ள ரிலேயில் 86 என்ற முனை நேர்முனைக்கு உரியது என்பதால், இந்தக் காரில் 86 பாடிக்கும் 85 சுவிட்சிலிருந்து வரும் வயருக்கும் செல்ல வேண்டும். டயோடு இல்லாத ரிலே எந்தப் பக்கமும் இயங்கும்.

கன்வெர்ட்டரை இணைக்கும்போது அதன் உள்ளீட்டு நேர்முனை பாடிக்கும், உள்ளீட்டு எதிர்முனை 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகப் பச்சை வயருக்கும் சென்றன. வெளியீட்டு எதிர்முனையைப் பாடியில் சேர்த்துவிட்டேன். அதை எங்கும் சேர்க்காமல் மிதக்க விடலாம் என்ற வாதமும் உண்டு; ஆனால் சேர்த்துவிட்டால் சாக்கெட்டின் குழல், யு.எஸ்.பி. உறை, ஒலிக் கேபிளின் பின்னல் எல்லாம் பாடியின் நிலையிலேயே நிற்பதால், கேபிள் எங்கே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. இந்த வெளியீட்டில் மட்டும் ஃபியூஸ், இன்றைய வழக்கப்படியே, சிவப்பு வயரில் இருக்கிறது, 3 ஆம்பியர். இதன் விளைவாக ஒரு விந்தையான நிலை உருவாகிறது. பாடியைச் சுழியமாகக் கொண்டால் காரின் பழைய வயர்கள் எல்லாம் அதற்கு 12 வோல்ட் கீழே இருக்கின்றன. புதிய சிவப்பு வயர் மட்டும் 12 வோல்ட் மேலே இருக்கிறது. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே மீட்டர் 24 வோல்ட் காட்டும். இது பிழையன்று என்றாலும், இந்த இரண்டையும் ஒரே கட்டில் சேர்த்துக் கட்டக்கூடாது. சிவப்பு வயரைத் தனி உறைக்குள் வேறு வழியாகக் கொண்டுசென்றேன்.

பேட்டரியை மாட்டுமுன் இரு சாக்கெட்டுகளின் முனைகளையும் பாடிக்கு எதிராக மீட்டரால் சோதித்தேன். பம்பு சாக்கெட்டின் குழல் பாடியோடு இணைப்பே காட்டக்கூடாது. நடுமுனை முழு இணைப்பைக் காட்ட வேண்டும். கன்வெர்ட்டர் சாக்கெட்டில் குழல் இணைப்பைக் காட்ட வேண்டும். பேட்டரியை மாட்டியபின் பம்பு சாக்கெட்டின் ஃபியூஸ் இடத்தில் மேசைச் சோதனைக்குப் பயன்படுத்திய அதே 21 வாட் பல்பை வைத்து, வயர்களை ஆட்டியும், டேஷ்போர்டைத் தட்டியும், கதவை அறைந்து சாத்தியும் பார்த்தேன். பல்பு அணைந்தே இருந்தது. பிறகு வேண்டுமென்றே குழலையும் பாடியையும் ஸ்க்ரூடிரைவரால் இணைத்தபோது முழு ஒளியோடு எரிந்தது. ஃபியூஸ் சரியான பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை. பல்பை எடுத்துவிட்டு உண்மையான ஃபியூஸைப் போட்டேன்.

நேரடிச் சாக்கெட்டில் செருகும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முன்சோதனை உண்டு. செருகியின் பக்கவாட்டு ஸ்பிரிங்குகளுக்கும் கருவியின் வெளியே தெரியும் உலோகப் பகுதிகளுக்கும் நடுவே மீட்டர் இணைப்பைக் காட்டினால் அந்தக் கருவியை இந்தக் காரில் பயன்படுத்தக்கூடாது. காற்றுப் பம்பில் சிலிண்டரையும் குழாயின் பித்தளை முனையையும் சோதித்தேன், இணைப்பு இல்லை. பராமரிப்புச் சார்ஜரின் நேர்முனை சாக்கெட்டின் நடுமுனை வழியாகப் பாடிக்கும் அங்கிருந்து பேட்டரியின் நேர்முனைக்கும் சென்றுவிடுவதால் அதில் எந்தச் சிக்கலும் இல்லை.

கன்வெர்ட்டரை முதலில் ரேடியோவுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தபோது மத்திய அலையில் தொடர்ந்த இரைச்சல் கேட்டது. ரேடியோவிலிருந்து விலக்கி இடப்பக்கக் கால்வெளியின் உட்சுவருக்கு அருகே மாற்றி, உள்ளீட்டு வயர்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையத்தின் வழியாகவும், வெளியீட்டு வயர்களை இன்னொன்றின் வழியாகவும் விட்டபின், வலுவான நிலையங்களில் இரைச்சல் தெரியவில்லை. தொலைதூர நிலையங்களில் இன்னும் மெல்லக் கேட்கிறது. ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி 9 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் கன்வெர்ட்டர் ஒரு கணம் அணைந்து மறுபடி எழுகிறது. கைப்பேசிக்கு அது தெரிவதேயில்லை, வழிகாட்டிக் கருவி மட்டும் மறுதொடக்கம் ஆகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியபின் அதைச் செருகுவதே எளிய வழி.

6 வோல்ட் பாசிட்டிவ் எர்த் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும், ஆனால் இரண்டு மாற்றங்களோடு. 9 வோல்ட்டில் தொடங்கும் கன்வெர்ட்டர் அங்கே இயங்காது, 4.5 முதல் 9 வோல்ட் வரை உள்ளீடு ஏற்கும் ஐசோலேட்டட் வகையைத் தேட வேண்டும். அதே 30 வாட்டுக்கு மின்னோட்டம் இரு மடங்காகி 6 ஆம்பியரைத் தாண்டும் என்பதால் வயரின் தடிமனையும் ஃபியூஸின் அளவையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். மின்னழுத்தத்தை உயர்த்தும் சாதாரண கன்வெர்ட்டர்கள் மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கின்றன. அவற்றில் உள்ளீட்டு, வெளியீட்டு எதிர்முனைகள் ஒரே கம்பி என்பதால், வெளியீட்டின் எந்த முனையையும் பாடியில் சேர்க்காமல், நேரடிச் சாக்கெட்டுக்குச் சொன்ன எல்லாக் காப்புகளோடும் ஃபியூஸை எதிர்முனையில் வைத்தே பயன்படுத்த வேண்டும்.